ஒரு நாவல், பல படங்கள்: தாமஸ் ஹார்டியின் பாத்ஷீபாவைத் திரையில் எப்படிப் பார்ப்பது?

நாவலைப் படித்துவிட்டு அதன் படத்தைப் பார்க்கப் போகும்போது நம்மில் பலர் கையில் ஒரு பட்டியலோடுதான் போகிறோம். அந்தக் காட்சி இருக்கிறதா, இந்த வசனம் இருக்கிறதா, அந்தப் பாத்திரத்தை ஏன் வெட்டினார்கள் என்று சரிபார்த்துக்கொண்டே படம் முடிந்துவிடும். வெளியே வந்ததும் புத்தகம்தான் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அப்படிப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் தழுவல் என்பது எப்படி வேலை செய்கிறது என்று அதிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. அதைக் கற்றுக்கொள்ள ஒரு நல்ல வழி உண்டு. ஒரே நாவலை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் படமாக்கியிருந்தால், அந்தப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

அதற்கு எனக்குத் தெரிந்து மிகப் பொருத்தமான நாவல் தாமஸ் ஹார்டி 1874இல் எழுதிய 'ஃபார் ஃப்ரம் தி மேடிங் க்ரவுட்'. இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் டார்செட் கிராமப்புறத்தில் நடக்கும் காதல் கதை. 1915, 1967, 1998, 2015 என்று நான்கு முறை நேரடியாகத் திரைக்கு வந்திருக்கிறது, போதாததற்கு 2010இல் பெயர், காலம் எல்லாம் மாற்றிக்கொண்டு இன்னொரு முறையும். கதையின் முடிவு வரை பேசப்போகிறேன், முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் கதை. கேப்ரியல் ஓக் 28 வயது இளைஞன், கடன் வாங்கிச் சொந்தமாக 200 ஆடுகள் வைத்திருக்கிறான். பக்கத்தில் அத்தை வீட்டில் தங்கியிருக்கும் பாத்ஷீபா எவர்டீன் என்ற இளம்பெண்ணிடம் திருமணம் பற்றிக் கேட்கிறான், அவள் மறுத்துவிடுகிறாள். அப்புறம் ஒரே இரவில் அவன் வாழ்க்கை கவிழ்கிறது. பயிற்சி போதாத இளம் நாய் ஒன்று ஆடுகளைத் துரத்திக்கொண்டே போய், சினையாக இருந்த மொத்த மந்தையையும் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளத்தில் விழவைத்துவிடுகிறது. காப்பீடும் கிடையாது. இருந்ததையெல்லாம் விற்றுக் கடனை அடைத்துவிட்டு, உடுத்திய துணியோடு கூலிக்கு ஆள் எடுக்கும் சந்தையில் போய் நிற்கிறான். அதே சமயத்தில் பாத்ஷீபாவுக்கு மாமாவின் பெரிய பண்ணை கைக்கு வருகிறது. வேலை தேடி அலையும் ஓக் ஒரு தீ விபத்தை அணைக்க உதவப்போய், அந்தப் பண்ணை அவளுடையது என்று அங்கேதான் தெரிந்துகொள்கிறான். உங்களுக்கு மேய்ப்பன் தேவையா அம்மா என்று கேட்கிறான். கணவனாக வருகிறேன் என்று கேட்டவன் கூலியாளாக நிற்கிறான்.

பாத்ஷீபா தன் காரியஸ்தர் தானியம் திருடுவதைப் பிடித்து, அவரை வெளியே அனுப்பிவிட்டு, பண்ணையைத் தானே நடத்துகிறாள். தானியச் சந்தையில் அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாகப் போய் விலை பேசுகிறாள். பக்கத்துப் பண்ணையார் போல்ட்வுட், 41 வயது, யாரையும் ஏறெடுத்துப் பார்க்காதவர். அவருக்கு விளையாட்டாக ஒரு காதலர் தின அட்டை அனுப்புகிறாள், 'என்னை மணந்துகொள்' என்ற முத்திரையோடு. அந்த மனிதர் அதை உண்மை என்று நம்பி அப்படியே எரிந்துபோகிறார். மூன்றாவதாக வருகிறவன் சார்ஜெண்ட் ட்ராய், சிவப்புச் சீருடை, இனிக்க இனிக்கப் பேச்சு. அவன் ஏற்கெனவே ஃபேன்னி ராபின் என்ற ஏழைப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தவன், கல்யாணத்தன்று அவள் தேவாலயம் மாறிப் போய்விட்டாள் என்பதற்காகக் கோபித்துக்கொண்டு விட்டுவிட்டுப் போனவன். பாத்ஷீபா ட்ராயைத்தான் மணக்கிறாள். ஃபேன்னி குழந்தையோடு இறந்துபோகிறாள், சவப்பெட்டி பாத்ஷீபாவின் வீட்டுக்கே வருகிறது, உண்மை தெரிகிறது. ட்ராய் கடலில் குளிக்கப்போய்க் காணாமல் போகிறான், செத்துவிட்டான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். போல்ட்வுட் மறுபடி நம்பிக்கை கொண்டு கிறிஸ்துமஸ் விருந்து வைக்கும் இரவில் ட்ராய் திரும்பி வருகிறான், போல்ட்வுட் அவனைச் சுட்டுக் கொல்கிறார். எல்லாம் ஓய்ந்த பிறகு ஓக்கும் பாத்ஷீபாவும் சேர்கிறார்கள்.

படங்களைப் பார்க்கும் முன் இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் கதையின் கனம் புரியும், ஏனென்றால் படங்கள் இதை நின்று விளக்குவதில்லை. ஒன்று, அந்தக் கால இங்கிலாந்தில் ஒரு பெண் திருமணம் செய்துகொண்டால் அவள் சொத்தின் பிடி பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும். 1870இல் வந்த சட்டம் சம்பாத்தியம் போன்ற சிலவற்றை மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுத்தது, 1882 சட்டத்துக்குப் பிறகுதான் நிலைமை உண்மையில் மாறியது. அதாவது பாத்ஷீபா ட்ராயை மணந்த அன்றே பண்ணையின் பணப்பெட்டி அவனுக்குத் திறந்துவிடுகிறது. நாவலில் அவன் குதிரைப் பந்தயத்தில் ஒரே மாதத்தில் 100 பவுண்டுக்கு மேல் விடுகிறான். மனசு உடைவதோடு இந்தத் தவறு நிற்காது, அவள் கட்டி நடத்திய தொழிலும் சேர்ந்து போகும். இரண்டாவது, காணாமல் போன கணவன் ஏழு வருடம் வரவில்லை என்றால்தான் மனைவி மறுமணம் பற்றி யோசிக்கலாம். போல்ட்வுட் அவளிடம் கெஞ்சிக் கேட்கும் வாக்குறுதி இத்தனை வருடம் தள்ளிப்போவது அதனால்தான். கைதான பிறகு அவர் வீட்டு அலமாரியில் அவளுக்காக வாங்கிய பட்டும் நகையும் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் 'பாத்ஷீபா போல்ட்வுட்' என்ற பெயரும் ஆறு வருடத்துக்கு அப்பால் ஒரு தேதியும் எழுதியிருக்கும்.

சரி, இப்போது தழுவலுக்கு வருவோம். நாவலிலிருந்து திரைக்குப் போகும்போது சில விஷயங்கள் அப்படியே போகும்: சம்பவங்கள், இடங்கள், பேச்சு. சில விஷயங்கள் போகவே போகாது. அதில் முதலாவது கதைசொல்லியின் குரல். ஹார்டி கதை சொல்லிக்கொண்டே நடுவில் நின்று கருத்துச் சொல்வார், கிண்டல் செய்வார், ஒரு பெண்ணின் மனசு ஏன் இப்படித் திரும்பியது என்று அரைப் பக்கம் யோசிப்பார். கேமராவால் யோசிக்க முடியாது, அது ஒரு முகத்தைக் காட்டும், அந்த முகம்தான் யோசிக்கவேண்டும். அதனால் நடிகரைத் தேர்ந்தெடுப்பதே தழுவலின் பாதி வேலை. இரண்டாவது காலம். ஒரு பருவம் போய் இன்னொரு பருவம் வருவதை நாவலில் நாம் பல நாள் படித்து உணர்கிறோம், படத்தில் அதற்கு ஒரு ஷாட்தான் கிடைக்கும்.

மூன்றாவது, இந்த நாவலுக்கே உரியது, வேலை. ஆட்டைக் குளிப்பாட்டுவது, ரோமம் கத்தரிப்பது, கதிர்ப் போரை மூடுவது எல்லாம் இதில் வெறும் பின்னணி கிடையாது, காதலே அதன் வழியாகத்தான் நடக்கிறது. கடைசி அத்தியாயங்களில் ஹார்டியே இதைச் சொல்கிறார்: ஒரே தொழிலில் கூட உழைப்பதால் வரும் தோழமை ஆண் பெண் காதலோடு சேர்வது அபூர்வம், ஏனென்றால் ஆணும் பெண்ணும் பொழுதுபோக்கில்தான் சந்திக்கிறார்கள், உழைப்பில் சந்திப்பதில்லை. போல்ட்வுட்டும் ட்ராயும் பாத்ஷீபாவை விரும்பினார்கள், ஓக் மட்டும்தான் அவளோடு வேலை செய்தான். என்னைக் கேட்டால் இந்த நாவலின் எந்தப் படத்தையும் அளக்க இதுதான் அளவுகோல். காட்சிகள் எத்தனை குறைந்தன என்பது இரண்டாம் பட்சம், இந்த இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்வதைப் படம் எவ்வளவு நேரம் நின்று பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஒரு உதாரணம் மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். போல்ட்வுட்டிடம் அவள் நடந்துகொண்டது சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதற்காக ஓக்கை வேலையை விட்டு அனுப்பிவிடுகிறாள் பாத்ஷீபா. அடுத்த நாளே ஆடுகள் வேலியை உடைத்துக்கொண்டு இளம் குளோவர் தழையை மேய்ந்துவிட்டு வயிறு ஊதிச் சாகக் கிடக்கின்றன. சரியான இடத்தில் குழாய் ஊசியைக் குத்திக் காற்றை வெளியேற்றத் தெரிந்தவன் அந்த வட்டாரத்தில் ஓக் ஒருவன்தான். வா என்று அவள் உத்தரவு போட்டு ஆள் அனுப்புகிறாள், மரியாதையாகக் கேட்டால் வருகிறேன் என்று பதில் வருகிறது. ஆத்திரப்படுகிறாள், அழுகிறாள், கடைசியில் என்னைக் கைவிட்டுவிடாதே கேப்ரியல் என்று சீட்டு எழுதுகிறாள். அவன் வருகிறான். 57 ஆடுகளில் 49க்கு ஊசி பலிக்கிறது, ஒன்று குத்துத் தவறிச் சாகிறது, நான்கு முன்பே செத்துவிட்டன, மூன்று தானாகவே தேறிவிட்டன. ஹார்டி இந்தக் கணக்கை அப்படியே எழுதியிருக்கிறார். ஒரு காதல் கதையில் இந்தக் கணக்கு எதற்கு என்று தோன்றலாம். வேலை தெரிந்தவனின் கை மேல் அவளுக்கு வரும் நம்பிக்கை அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 1967 படமும் 2015 படமும் இந்தக் காட்சியை விடவில்லை, இரண்டுமே ஊசி இறங்குவதைக் கிட்டத்தில் காட்டுகின்றன. அந்த வகையில் இரண்டு படக் குழுவுமே நாவலைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள்.

ஆனால் மூலம், மூலம் என்று நாம் பிடித்துக்கொள்ளும் புத்தகமும் யாருடைய கையும் படாமல் பிறந்ததில்லை. இது முதலில் 1874 ஜனவரி முதல் டிசம்பர் வரை 'கார்ன்ஹில்' என்ற மாத இதழில், எழுதியவர் பெயர் இல்லாமல், தொடர்கதையாக வந்தது. ஆசிரியர் லெஸ்லி ஸ்டீஃபன், பிற்காலத்து எழுத்தாளர் வர்ஜினியா உல்ஃபின் அப்பா. குடும்பங்கள் படிக்கும் பத்திரிகை என்பதால் ஃபேன்னி விஷயத்தைப் பக்குவமாகக் கையாளச் சொன்னார், அவளுடைய குழந்தை பற்றிய பகுதி அடக்கி எழுதப்பட்டது. ஹார்டி அப்புறம் வந்த பதிப்புகளிலும் திருத்திக்கொண்டே இருந்தார். மேடைக்காக அவரே இதை நாடகமாகவும் எழுதினார், காமின்ஸ் கார் என்ற நாடகாசிரியர் அதைத் திருத்தி 1882இல் லிவர்பூலிலும் லண்டனிலும் அரங்கேறியது. அதற்குச் சற்று முன்னால் பினேரோ எழுதிய வேறொரு நாடகம் இதே கதையை எடுத்துக்கொண்டது என்று பெரிய தகராறும் நடந்தது. ஆக, தழுவல் என்பது சினிமா வந்த பிறகு தொடங்கிய வேலை இல்லை.

1915 படம் மௌனப் படம். லாரி ட்ரிம்பிள் இயக்கினார், ஃபுளோரன்ஸ் டர்னர் பாத்ஷீபாவாக நடித்தார். ஹார்டி அப்போது உயிரோடுதான் இருந்தார், 1928இல்தான் இறந்தார். படச்சுருள் எதுவும் மிஞ்சவில்லை என்பதால் இதைப் பற்றி இதற்கு மேல் பேச வழியில்லை, பெரிய இழப்பு.

1967 படத்துக்கு வருவோம். இதில்தான் நான் கொஞ்சம் நின்று பேசவேண்டும். ஜான் ஷ்லெசிங்கர் இயக்கம், ஃப்ரெடரிக் ரஃபேல் திரைக்கதை, ஜூலி கிறிஸ்டி பாத்ஷீபா. இதே மூவரும் சேர்ந்து அதற்கு முன் எடுத்த 'டார்லிங்' படத்துக்காகத்தான் கிறிஸ்டி ஆஸ்கர் வாங்கியிருந்தார். அது லண்டனின் நவநாகரிகப் பெண்ணைப் பற்றிய படம், அதனால் அறுபதுகளின் அந்த முகத்தை விக்டோரியா காலத்துப் பண்ணையில் ஏற்க முடியவில்லை என்று அன்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை நியாயமாகத் தெரியவில்லை, பாத்ஷீபா அந்த ஊருக்கே கொஞ்சம் அந்நியமாகத் தெரியவேண்டியவள்தானே. ஓக்காக ஆலன் பேட்ஸ், ட்ராயாக டெரன்ஸ் ஸ்டாம்ப், போல்ட்வுட்டாக பீட்டர் ஃபிஞ்ச். படம் 168 நிமிடம். அந்த நீளத்தில்தான் நாவலின் பருவங்கள் நகர்வது தெரிகிறது, மழை, சேறு, அறுவடை என்று எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கிறது. ஒளிப்பதிவு நிக்கலஸ் ரோக், அடுத்த சில வருடங்களில் அவரே பெரிய இயக்குநராகிவிட்டார்.

இந்தப் படத்தின் உயிர் வாள் காட்சி. நாவலில் கோடைகால மாலை எட்டு மணி, பெரணிச் செடிகள் உயரமாக வளர்ந்த ஒரு பள்ளம், பாத்ஷீபா நடுவில் அசையாமல் நிற்கிறாள். ட்ராய் அவளைச் சுற்றி வாளைச் சுழற்றுகிறான். வாள் மழுங்கலானது, பயப்படாதே என்று சொல்லியிருக்கிறான். முடிவில் அவள் கூந்தலில் ஒரு கற்றையைச் சீவி எடுக்கிறான், மேல்சட்டையில் ஊர்ந்த ஒரு புழுவை வாள் நுனியில் குத்தி எடுக்கிறான், அப்புறம்தான் அது சவரக்கத்தி போலக் கூரானது என்று காட்டுகிறான். காதலும் பொய்யும் ஒரே விளையாட்டில். ஷ்லெசிங்கர் இதை அந்தச் சின்னப் பள்ளத்திலிருந்து எடுத்து மெய்டன் காஸில் என்ற இரும்புக் காலத்து மண்கோட்டைக்குக் கொண்டுபோனார், டார்செஸ்டர் பக்கத்தில் அலை அலையாக இறங்கும் புல்மேடு. சிவப்புச் சீருடையில் ஒருவன் வாளை உயர்த்திக்கொண்டு அந்தச் சரிவில் ஓடி வருகிறான். நாவலில் இப்படி இல்லை. நாவலில் இருந்தது மூச்சு முட்டும் நெருக்கம், படத்தில் இருப்பது போர்க்களத்தின் வேகம். ஆனால் இரண்டிலும் பாத்ஷீபாவுக்கு நேர்வது ஒன்றுதான், தன்னை ஆள ஒருவன் வேண்டும் என்று அதுவரை நினைக்காதவள் கால் தடுமாறுகிறாள். எழுத்தில் இருந்ததை மாற்றி, அது உண்டாக்கியதைக் காப்பாற்றுவது என்றால் இதுதான். தழுவல் படிக்க ஆரம்பிப்பவர்கள் முதலில் இந்த ஒரு காட்சியை நாவலோடு வைத்துப் பார்த்தால் போதும்.

2015 படத்தில் அதே காட்சி மறுபடி பெரணிகளுக்கு நடுவே, மரநிழலுக்குள் வந்துவிடுகிறது. நாவலுக்கு இடம் நெருக்கம், ஆனால் தாக்கம் எனக்குக் குறைவாகத்தான் பட்டது. டாம் ஸ்டரிட்ஜின் ட்ராயிடம் சோகம் இருக்கிறது, அபாயம் போதவில்லை. இத்தனை புத்திசாலியான பெண் இவனிடம் எப்படி விழுந்தாள் என்ற கேள்வி படம் முழுக்க நம்மை விடாது.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லவேண்டிய நல்லதும் நிறைய உண்டு. இயக்கியவர் தாமஸ் விண்டர்பெர்க், டென்மார்க்காரர், அலங்காரம் எதுவும் இல்லாமல் படம் எடுக்கவேண்டும் என்று 1995இல் கிளம்பிய 'டாக்மா 95' இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். திரைக்கதை எழுதிய டேவிட் நிக்கல்ஸ் நாவலாசிரியர், 2008இல் பிபிசிக்காக ஹார்டியின் 'டெஸ்'ஸையும் தொடராக எழுதியவர். அவர் செய்த மிக முக்கியமான மாற்றம் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. நாவல் ஓக்கின் கண்ணில் தொடங்குகிறது: வண்டி மேல் உட்கார்ந்திருக்கும் பெண் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள், வேலிக்கு அப்பால் நின்று அவன் பார்க்கிறான், கர்வம் பிடித்தவள் என்று முடிவும் கட்டுகிறான். 2015 படம் பாத்ஷீபாவின் குரலில் தொடங்குகிறது, தன் பெயர் தனக்கே விநோதமாக இருப்பதைப் பற்றி அவளே பேசுகிறாள். பார்க்கப்பட்டவள் இப்போது பார்க்கிறவள். சம்பவம் எதையும் பெரிதாக மாற்றாமல், யார் கண் வழியாகக் கதை வருகிறது என்பதை மட்டும் மாற்றினாலே கதை வேறாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. பாத்ஷீபாவாக நடிக்கும் கேரி மல்லிகன் அந்தக் கண்ணை ஒரு நிமிடம்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

நடிகர் தேர்வைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா, போல்ட்வுட்டைப் பாருங்கள். 1967இல் நடித்த பீட்டர் ஃபிஞ்சுக்கு அப்போது 50 வயது, 2015 படத்தில் நடித்த மைக்கேல் ஷீனுக்கு 44. ஃபிஞ்சின் போல்ட்வுட் கௌரவமான மனிதர், உள்ளுக்குள் மெல்ல மெல்ல இடிந்து விழுகிறவர். ஷீனின் போல்ட்வுட் வாயைத் திறந்து பேசவே கூச்சப்படுகிறார், சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிடுகிறார், பார்க்கிற நமக்கே என்னவோ செய்கிறது. 2015 படத்தின் மிகச் சிறந்த நடிப்பு அவருடையதுதான் என்பேன். ரோமம் கத்தரித்து முடிந்த விருந்தில் பாத்ஷீபா பாடும்போது அவர் மெதுவாகச் சேர்ந்து பாடும் இடம் வருகிறது. நாவலிலும் அவர் சேர்ந்து பாடுகிறார், கூடவே ஓக் புல்லாங்குழல் வாசிக்கிறான். ஆனால் பாட்டு வேறு: நாவலில் ஒரு சிப்பாய் பேச்சால் மயக்கிப் பெண் கேட்கும் நாட்டுப்பாடல், படத்தில் இளம்பெண்களை எச்சரிக்கும் இன்னொரு பழைய நாட்டுப்பாடல். இரண்டுமே வரப்போகும் ட்ராயைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

ஆனால் 119 நிமிடத்துக்குள் அடக்கவேண்டியதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். 1967 படத்தைவிட 49 நிமிடம் குறைவு. ட்ராய் சர்க்கஸில் வேஷம் கட்டி ஆடும் பகுதி போய்விட்டது, அதனால் அவன் திரும்பி வருவது திடுதிப்பென்று நடக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு ஊர்க்காரர்கள். ஜோசஃப் புவர்கிராஸ் மாதிரி ஆட்களை நகைச்சுவைக்காக ஹார்டி வைத்தார் என்று நினைத்து வெட்டிவிடுவது எளிது. ஆனால் நாவலில் ஃபேன்னியின் சவப்பெட்டியை வண்டியில் கொண்டுவரும் புவர்கிராஸ் வழியில் குடிக்க இறங்கி நேரத்தைக் கடத்திவிடுகிறார், அன்று அடக்கம் நடக்காமல் போகிறது, அதனால்தான் பெட்டி ஒரு இரவு பாத்ஷீபாவின் வீட்டில் தங்குகிறது, அதனால்தான் அவள் அதைத் திறந்து பார்க்கிறாள். சிரிக்கவைத்த ஆள்தான் கதையின் மிக இருண்ட இரவைக் கொண்டுவருகிறார். அந்த ஆட்களைச் சுருக்கும்போது இந்தச் சங்கிலியும் சுருங்கிவிடுகிறது.

இந்த ஊர்க்காரர்களுக்கு நேரம் கொடுத்தது 1998இல் வந்த தொலைக்காட்சிப் பதிப்பு. நிக்கலஸ் ரெண்டன் இயக்கம், பாலோமா பாயெஸா பாத்ஷீபா, நதானியேல் பார்க்கர் ஓக். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். பெரிய திரையின் பிரமாண்டம் கிடையாது, ஒளிப்பதிவில் மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வைக்க முடியாது, ஆனால் கதை நாவலின் நடையிலேயே நடக்கிறது. மாதாமாதம் வந்த தொடர்கதைக்குத் தொலைக்காட்சி பொருத்தமான இடம் என்பதில் ஆச்சரியமில்லை. படிக்க நேரமில்லை, கதையை முழுசாகத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இப்போது கதிர்ப் போர் காட்சி, நாவலின் இதயம். அறுவடை முடிந்த இரவு, ட்ராய் புது முதலாளி என்ற மிதப்பில் ஆட்களுக்கு பிராந்தி ஊற்றிக்கொடுத்து எல்லாரையும் கவிழ்த்துவிட்டான். ஓக் மட்டும் வானத்தைப் பார்க்கிறான். தேரை ஒன்று பாதையைக் கடக்கிறது, நத்தை வீட்டுக்குள் வருகிறது, ஆடுகள் ஒரே திசைக்கு முதுகைக் காட்டி நெருக்கி நிற்கின்றன. பெருமழை வருகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. வெளியே மூடாமல் எட்டுப் போர்கள், கோதுமை ஐந்து, பார்லி மூன்று. அவன் மனசுக்குள் கணக்குப் போடுகிறான், 750 பவுண்டு. அவளுடைய பணம், அவளை மணந்தவன் குடித்துவிட்டுத் தூங்குகிறான். ஓக் தனியாக ஏறி மூட ஆரம்பிக்கிறான், இடி விழுமோ என்று ஒரு சங்கிலியைக் கட்டித் தரையில் இழுத்துவிடுகிறான். பாத்ஷீபா வருகிறாள், கதிர்க்கட்டுகளைத் தூக்கிக்கொடுக்கிறாள். மின்னல் வெட்ட வெட்ட இரண்டு பேரும் வேலை செய்கிறார்கள். அந்த நேரத்தில்தான், யாரிடமும் சொல்லாததை, ட்ராயை ஏன் மணந்தேன் என்பதை அவனிடம் சொல்கிறாள். மறுநாள் காலையில் போல்ட்வுட்டைப் பார்க்கிறான் ஓக், தன் போர்களை மூடவே மறந்துவிட்டேன் என்கிறார் அவர். ஒரு விவசாயி தன் விளைச்சலை மறந்தால் அவர் எவ்வளவு தூரம் போய்விட்டார் என்று வேறு எப்படிச் சொல்ல முடியும்?

1967, 2015 இரண்டிலும் புயல் இரவு இருக்கிறது, இரண்டிலும் அவள் அவனோடு சேர்ந்து வேலை செய்கிறாள். பார்க்கும்போது மின்னலை விடுங்கள், கைகளைப் பாருங்கள். யார் எதை எடுத்துக் கொடுக்கிறார்கள், யார் யாரைப் பார்க்காமலே புரிந்துகொள்கிறார்கள் என்று கவனித்தால் முடிவில் இவர்கள் சேரும்போது அது பரிசாக வராது, ஏற்கெனவே நடந்துவிட்டதாகத் தெரியும். 2015 படத்தில் மத்தியாஸ் ஷோனார்ட்ஸின் ஓக் பேசுவதே குறைவு, அந்த ஆளை நாம் நம்புவது அவர் வேலை செய்யும் விதத்தால்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் காலத்தையும் ஊரையும் மாற்றாத தழுவல்கள். இன்னொரு வகை, எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு புது உடம்பு போடுவது. போஸி சிம்மண்ட்ஸ் 2005, 2006இல் 'கார்டியன்' நாளிதழில் வரைந்த 'டாமரா ட்ரூ' என்ற சித்திரத் தொடர் அப்படித்தான், அதை ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ் 2010இல் படமாக்கினார். ஜெம்மா ஆர்டர்டன் இன்றைய பத்திரிகைக்காரியாகச் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பி வருகிறாள், சிப்பாய்க்குப் பதில் ராக் இசைக்காரன், அவன் குடும்பப் பெயரே சார்ஜெண்ட். ஹார்டி தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு இடமும் அடையாளம் தெரியும், தெரியாதவர்களுக்கும் படம் ஓடும். ஹார்டியை இப்படி இடம்பெயர்ப்பதில் மைக்கேல் விண்டர்பாட்டம் கெட்டிக்காரர், 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்' கதையை 2000இல் கலிபோர்னியாவின் தங்க வேட்டைக் காலத்துக்குக் கொண்டுபோனார், 'டெஸ்' கதையை 2011இல் ராஜஸ்தானுக்குக் கொண்டுவந்து ஃப்ரீடா பிண்டோவை வைத்து 'த்ரிஷ்ணா' எடுத்தார்.

முடிவுக் காட்சியில் ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் அவர்கள் நாவலை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது பிடிபட்டுவிடும். நாவலில் ஓக் கலிபோர்னியாவுக்குப் போகப்போவதாகச் சொல்கிறான், வேலையைத் தொடரப்போவதில்லை என்று எழுத்திலும் தெரிவிக்கிறான். பாத்ஷீபா அவன் குடிசைக்குப் போகிறாள். நான்தான் உன்னைத் தேடிக் காதலிக்க வந்தமாதிரி இருக்கிறதே என்று அவளே சொல்கிறாள். கல்யாணம் ஊருக்குத் தெரியாமல் எளிமையாக நடக்கிறது. 2015 படம் இங்கே சினிமாவின் பக்கம் சாய்கிறது, அவள் குதிரையில் அவன் பின்னால் போகிறாள், வெட்டவெளியில் பேசுகிறார்கள், முத்தம், இருவரும் சேர்ந்து திரும்பி நடக்கிறார்கள். பார்க்க இதமாக இருக்கிறது, எனக்கும் பிடித்தது. ஆனால் நாவலில் இருந்த தயக்கம், இத்தனை சாவுக்குப் பிறகு வரும் அந்த நிதானமான சேர்க்கை, இதில் கரைந்துவிடுகிறது. 1967 படம் நேர் எதிர்த் திசையில் போகிறது. கல்யாணமாகி வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் இருவரையும் காட்டிவிட்டு, கேமரா ட்ராய் வாங்கிக்கொடுத்த கடிகாரத்துக்குப் போகிறது, அதில் ஒரு பொம்மைச் சிப்பாய். ட்ராய் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறான் என்கிறார் ஷ்லெசிங்கர். ஹார்டி அவ்வளவு கசப்பாக எழுதவில்லை, ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு நாவலில் இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

எதில் தொடங்கலாம் என்றால், விக்டோரியா காலக் கதைகள் பழக்கமில்லாதவர்கள் 2015இல் தொடங்குங்கள், இரண்டு மணி நேரத்தில் கதை கைக்கு வந்துவிடும். அப்புறம் நாவலைப் படியுங்கள், குறைந்தபட்சம் அந்தப் புயல் இரவையும் வாள் காட்சியையும். 1967ஐ அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தவரை பெரிய திரையில். 1998 விடுமுறை நாட்களுக்கு.